பதிவின்படி குழந்தை தூங்குகிறது

என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவளுடைய சாமான்கள் வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டன. பால் புட்டியைச் சூடாக்க ஒரு கருவி. புட்டியை ஆவியில் கழுவ ஒரு கருவி. துடைக்கிற ஈரத்துணி சில்லென்று பட்டுக் குழந்தை திடுக்கிட்டுவிடக் கூடாதே என்று அந்தத் துணியை வெதுவெதுப்பாக்க ஒரு கருவி. நெற்றிக்கு நேரே பிடித்தால் காய்ச்சலைச் சொல்லும் துப்பாக்கி. காலில் மாட்டினால் மூச்சை எண்ணும் காலுறை. எல்லாவற்றுக்கும் தனித்தனி சார்ஜர். வீட்டில் இருந்த பிளக்குகள் போதாமல் ஃப்ரிட்ஜைக் கழற்றி வைத்தோம். ஆபரேஷன் முடிந்த வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு என் மனைவி உள்ளே வந்தபோது அவளுக்கு உட்கார இடமில்லை. நாற்காலியின் மேல் இன்னொரு நாற்காலி இருந்தது. அது குழந்தைக்கு, தானாக ஆடுவது.

இதெல்லாம் நாங்களாக ஆசைப்பட்டு வாங்கியவை. யாரையும் குறை சொல்ல முடியாது. தொட்டில் மட்டும் நாங்கள் வாங்கியதல்ல. அது மழலையர் கருவி வாரியத்தின் உபயம். எங்கள் ஊரில் பிறக்கிற எந்தக் குழந்தையும் வாரியத்தின் தொட்டிலில்தான் படுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தொட்டிலுக்குக் காது உண்டு, வாய் உண்டு. கண் அடுத்த ஆண்டு வரும் என்றார்கள். குழந்தை தூங்குகிறதா, அழுகிறதா, அழுதால் எதற்காக அழுகிறது என்று கண்டுபிடித்து, பெற்றோரின் கைபேசிக்கும் வாரியத்துக்கும் ஒரே சமயத்தில் சொல்லிவிடும். வீட்டில் உள்ள மற்ற கருவிகள் எல்லாம் தொட்டிலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கும்.

தொட்டிலைப் பொருத்த வாரியத்திலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, காலில் சத்தம் வராத செருப்பு. திருகுகளை முடுக்கிவிட்டு, "குழந்தைய ஒரு தடவை அழ விடுங்க சார். அடிப்படை அழுகை பதியணும். அப்பத்தான் தொட்டிலுக்கு இந்தக் குழந்தையோட குரல் தெரியும்" என்றார்.

குட்டி அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். ஊரையே கூட்டிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் ஒரு வழி பண்ணிவிட்டுத் தூங்கியிருந்தாள்.

"எழுப்புங்க சார், எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு."

என் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தாராளமா எழுப்புங்க. ஆனா நீங்களே திரும்பத் தூங்க வச்சுட்டுத்தான் போகணும்."

அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். உடனே இறங்கி வந்தார். "அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். நீங்க அழுங்க."

"நானா?"

"ஒரே ரத்தம்தானே. மெஷினுக்கு ஒரு சாயல் கிடைச்சாப் போதும்."

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். வாடிக்கையாளர் எந்த பிரேமைப் போட்டுக்கொண்டாலும் "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பழகியவன். யாராவது ஒன்றைச் சொன்னால் மறுத்துப் பேச வராது. மண்டியிட்டு, தொட்டிலுக்குள் தலையை விட்டு, "ங்கா... ங்கா" என்றேன். "இன்னும் கொஞ்சம் மனசு விட்டு அழுங்க சார்" என்றார். மனசு விட்டு அழுதேன். "அடிப்படை அழுகை ஏற்கப்பட்டது. உங்கள் குழந்தைச் செல்வத்துக்கு நல்வாழ்த்துகள்" என்றது தொட்டில், பாட்டு டீச்சர் குரலில். அவர் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் குட்டி எழுந்து வீடு அதிர அழுதாள். தொட்டில் கனிவாகச் சொன்னது: "உங்கள் செல்வம் அயர்ந்து உறங்குகிறது. வெளியே சற்று இரைச்சல் உள்ளது. சன்னலைச் சாத்தவும்."

நாங்கள் சன்னலைச் சாத்தினோம். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சாத்தினோம். பிறகு புட்டி சூடாக்கும் கருவியைத் தட்டினேன். "உறங்கும் குழந்தைக்குப் பால் தேவையில்லை" என்று சிவப்பு விளக்கு காட்டியது. துணி வெதுப்பும் கருவியும் அதே பாட்டைப் பாடியது. என் மனைவி அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து அதில் புட்டியை இறக்கினாள். அந்த வீட்டில் எங்களைக் கேள்வி கேட்காமல் வேலை செய்தது அந்தப் பாத்திரம் ஒன்றுதான்.

அடுத்த வாரமே இரைச்சல் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்து நின்றார். எங்கள் வீட்டில் இரவு பகல் பாராமல் ஏதோ ஓர் இயந்திரம் ஓடுவதாகவும், அருகில் ஒரு குழந்தை தூங்குவதாகவும் வாரியம் புகார் அனுப்பியிருந்தது. கையில் சத்தமானி வைத்திருந்தார். குட்டி அவரை வரவேற்கிற மாதிரி ஆரம்பித்தாள். மானியின் முள் துள்ளியது.

"வந்துருச்சு பாருங்க. எங்க இருக்கு மெஷினு?"

"மெஷின் இல்லீங்க. குழந்தை."

அவர் கைபேசியைப் பார்த்தார். "குழந்தை தூங்குதுன்னு இருக்கே."

"நேர்லதான் பார்க்கறீங்களே, வாயத் திறந்து அழறா."

அவர் குனிந்து குட்டியின் முகத்தைப் பார்த்தார். செக்கச் சிவந்த முகம், உதறுகிற கால்கள். மானியை அவள் வாய்க்கு நேரே பிடித்தார். முள் ஓரத்துக்கே போய் ஒட்டிக்கொண்டது. பிறகு அலமாரிக்குப் பின்னால் தேடினார், கட்டிலுக்கு அடியில் தேடினார், குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்தார். கடைசியில், "சத்தம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க முடியல" என்று எழுதிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "இவ்வளவு சத்தத்துலயும் எப்படித்தான் தூங்குதோ, பாவம்" என்றார்.

இதுவரை நடந்ததை நாங்கள் சிரித்தே சமாளித்தோம். பார்சல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி அங்கேதான் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே மூட்டைகளைத் தூக்கிப் பிரிக்கிற வேலை. கடிதம் சொன்னது இதுதான்: வாரியத்தின் தரவுகளின்படி தங்கள் குழந்தை பிறந்தது முதல் ஒருமுறைகூட விழிக்கவில்லை. ஆகவே தங்களுக்குப் போதுமான ஓய்வு கிடைத்துள்ளது. தங்கள் மகப்பேறு விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்த உடனே பணிக்கு வரவும்.

பிறந்ததிலிருந்து கண்ணே திறக்காத குழந்தையைப் பற்றி அந்த இரண்டு அலுவலகத்திலும் ஒருவருக்கும் கவலை வரவில்லை. என் மனைவிக்குத் தையல்கூட இன்னும் சரியாக ஆறவில்லை. இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "மூட்டையத் தூக்கினா தையல் பிரிஞ்சுரும்ங்க" என்றாள். கடையில் லீவு சொல்லிவிட்டு வாரியத்துக்கு ஓடினேன்.

வாரியத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. சுவருக்குச் சுவர் "குழந்தைகள் உறங்குகின்றன" என்ற பலகை. அந்தக் கட்டடத்தில் குழந்தை என்று ஒன்று இல்லை, ஆனாலும் எல்லோரும் கிசுகிசுத்தார்கள். தொழில்நுட்ப அதிகாரி என் கைகளைப் பற்றிக்கொண்டு கிசுகிசுத்தார்.

"நீங்கதானா அந்த அப்பா! வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படித் தூங்கின குழந்தை கிடையாது சார். ஆண்டறிக்கை அட்டையில போட்டோ போடலாம்னு இருக்கோம்."

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பாமல் காதில் ஒலிக்கருவியை மாட்டி அடிப்படை அழுகையைக் கேட்டார். கண்ணை மூடி ரசித்துக் கேட்டார்.

"அருமையான அழுகை சார். இதுல என்ன குறை?"

"அது நாந்தாங்க."

அவர் மறுபடி கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் வாடியது. "அப்படியே இருந்தாலும் மாத்த முடியாது சார். மாத்தலாம்னு ஒரு தடவை விட்டோம்னா ஆளாளுக்கு அழுகைய மாத்திக்கிட்டு வந்துருவாங்க. அப்புறம் நாங்க எதை நம்பறது?" சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னும் தணிந்த குரலில் சொன்னார். "பேசாம நீங்களே வேளாவேளைக்கு அழுதுருங்க. தரவு சரியாயிடும். தரவு சரியானா விடுப்பும் சரியாயிடும்."

அன்று முதல் நான் அழ ஆரம்பித்தேன். காலையில் பல் துலக்கியதும் தொட்டிலுக்குள் தலையை விட்டு ஒரு மூச்சு அழுவேன். "செல்வத்துக்குப் பசி" என்று தொட்டில் சொல்லும். புட்டி சூடாக்கும் கருவி பச்சை விளக்கு காட்டி இயங்கும். குட்டிக்குப் பால் கிடைக்கும். முதல் நாள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடையில் இருக்கும்போது தொட்டிலோடு இணைந்த கைபேசி வழியே அழ வேண்டியிருந்தது. கண் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் ஒரு வாடிக்கையாளர் தன் கைக்குட்டையை நீட்டினார். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா? மனசு விட்டுச் சொல்லுப்பா" என்றார். தொட்டிலும் விடவில்லை. "செல்வத்தின் குரல் வயதுக்கு மீறிக் கனமாக உள்ளது. தொண்டை மருத்துவரைப் பார்க்கவும்" என்று செய்தி வந்தது. இன்னொரு நாள், நான் அழுது முடித்து மூக்கை உறிஞ்சியபோது, "செல்வத்துக்கு டயப்பர் மாற்றவும்" என்றது.

என் மனைவி இதையெல்லாம் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் நான் தொட்டிலுக்குள் அழுதுகொண்டிருக்கிறேன், பக்கத்திலேயே குட்டியும் அழுகிறாள். தொட்டில் எனக்குத் தாலாட்டுப் பாடுகிறது. அவள் எழுந்து வந்து தொட்டிலின் வயரைப் பிடுங்கினாள்.

"போதும்ங்க."

"விடுப்பு போயிருமே."

"நீங்க அழுது எனக்கு லீவு வேணாம். இவ அழுதா இவ அழறான்னு அவங்க சொல்லட்டும். பெத்தவளுக்குக் கேக்குது, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது. சம்பளம் வாங்கறவங்களுக்கு மட்டும் கேக்காதா?"

மேல்முறையீடு செய்தோம். விடுப்பு முடிய ஒரே நாள் இருக்கும்போது விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தொட்டிலோடும் குழந்தையோடும் வரவேண்டும் என்று உத்தரவு. தொட்டிலை நான் தூக்கினேன், குட்டியை அவள் தூக்கினாள்.

பெரிய மேசைக்குப் பின்னால் வாரியத்தின் தலைவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தொழில்நுட்ப அதிகாரி, ஓரத்தில் கண்ணாடி போட்ட தட்டச்சர் அம்மா. தொட்டிலை மேசை மேல் வைத்து வயரைச் செருகினார்கள். உறக்கத்தைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. அறைக்குள் நுழைந்ததிலிருந்தே குட்டி வீறிட்டுக் கொண்டிருந்தாள். வரும் வழியில் பால் குடித்துவிட்டாள், ஏப்பமும் விட்டுவிட்டாள். புது இடம், பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தலைவர் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் எச்சரித்தார். பிறகு கிசுகிசுப்பாகவே சொற்பொழிவைத் தொடங்கினார். குட்டியின் சத்தத்தில் அது கேட்கவில்லை. அவர் இன்னும் பலமாகக் கிசுகிசுத்தார்.

"அன்பார்ந்த பெற்றோரே! இந்த வாரியம் குழந்தைகளுக்காகவே தன்னை அர்ப்பணித்துக்கொண்டது. நான் பொறுப்பேற்ற நாள் முதல் இன்றுவரை ஒரு குழந்தையைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஏன்? பார்த்தால் பாசம் வரும். பாசம் வந்தால் பாரபட்சம் வரும்."

"என்னங்கய்யா?" என்றார் தொழில்நுட்ப அதிகாரி, காதைக் கையால் குவித்துக்கொண்டு.

"பாரபட்சம்! இங்கே ஒரு தாய், என் குழந்தை அழுகிறது என்கிறார். தாய் சொல்வது உணர்ச்சி. தொட்டில் சொல்வது உண்மை. உறங்கும் குழந்தையைக் கைமாற்றக் கூடாது என்ற விதியை எழுதியதே அடியேன்தான். ஒருவர் கையில் உறங்கும் குழந்தை, தானாக விழிக்கும்வரை அவர் கையிலேயே இருக்க வேண்டும். அந்த விதிக்காக எனக்குப் பாராட்டு விழாவே நடந்தது. அப்படிப்பட்ட என்னிடம் குழந்தைகளைப் பற்றி யாரும்..."

தட்டச்சர் அம்மா கையை உயர்த்தினார். "ஐயா, ஒண்ணுமே கேக்கலீங்க. என்னன்னு அடிக்கறது?"

"ஏன் கேட்கவில்லை?"

அந்த அம்மா குட்டியைப் பார்த்தார், பச்சை விளக்கைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "தெரியலீங்க" என்றார்.

என் மனைவி நாற்காலியின் கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய்த் தலைவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"குழந்தைய நீங்க கிட்டத்துல பார்த்ததே இல்லேன்னீங்களே, ஐயா. இந்தாங்க."

அவர் சுதாரிப்பதற்குள் குட்டி அவர் கையில் இருந்தாள். அவர் அவளைக் கொதிக்கிற பாத்திரம் மாதிரி தள்ளிப் பிடித்தார்.

"தலைக்குக் கீழ ஒரு கை குடுங்க. ஆங், அப்படித்தான். தூங்குதுங்களா?"

தலைவர் பச்சை விளக்கைப் பார்த்தார். அறையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். "தூங்குகிறது" என்றார்.

"சரிங்க. முழிச்சாக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். கதவு வழியே பார்த்தேன். வராந்தாவில் இருந்த நீள பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தாள். முந்தானையை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டாள். அடுத்த நிமிடம் அவள் தோள் சீராக ஏறி இறங்கியது. அவள் அப்படித் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே மறந்துபோயிருந்தது.

தலைவர் குட்டியைத் தொழில்நுட்ப அதிகாரியிடம் நீட்டினார். அவர் இரண்டடி பின்னால் போய், "விதி இருக்குங்கய்யா" என்றார். தட்டச்சர் அம்மாவிடம் நீட்டினார். அவர் இரண்டு கைகளையும் தட்டச்சுப் பொறியின் மேல் வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் தலைவர் ஆட்டினார். எழுந்து நின்று ஆட்டினார், நடந்து ஆட்டினார், கோப்பை எடுத்து விசிறினார். சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டினார். கடைசியில் வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டுப் பாடினார். குட்டி அவர் சட்டை பட்டனைப் பிடித்துக்கொண்டு குரலை இன்னும் ஒரு கட்டை ஏற்றினாள். இரண்டு தடவை கை நீட்டப் போய் அடக்கிக்கொண்டேன். டயப்பரையும் மீறி ஏதோ நடந்திருக்க வேண்டும். தலைவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

சன்னலோரம் வந்தபோது அவர் என்னருகே நின்று கெஞ்சினார். "சார், நீங்க ஒரே ஒரு தடவை அழுதுருங்களேன். தொட்டில் முழிச்சுக்கும். கைமாத்திடலாம். எல்லாருக்கும் நல்லது."

அழுதால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு அழுகை தொண்டைவரை வந்தும் இருந்தது. வராந்தாவைப் பார்த்தேன்.

"எனக்கு அழுகை வரலீங்க" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்கு மறுத்துச் சொன்னேன்.

தலைவர் இன்னும் ஒரு சுற்று நடந்தார். சுவர்ப் பலகையின் முன்னால் நின்றார். பிறகு அந்தக் கட்டடம் இதுவரை கேட்டிராத குரலில் கத்தினார்.

"அழுவுதுய்யா! குழந்தை அழுவுது!"

பக்கத்து அறைகளில் நாற்காலிகள் நகர்ந்தன. தட்டச்சர் அம்மா, "பதியட்டுங்களா?" என்றார்.

"பதிம்மா!"

"ஐயா, தொட்டில் இன்னும் தூங்குதுன்னுதான் காட்டுது" என்றார் தொழில்நுட்ப அதிகாரி.

"அப்ப முதல்ல அந்தத் தொட்டில எழுப்புய்யா!"

விழித்த குழந்தையைக் கைமாற்றத் தடையில்லை. குட்டியைத் தலைவர் என் தோளில் போட்டார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். விம்மி விம்மி அடங்கி, என் கழுத்தில் எச்சில் வழிய, உண்மையாகவே தூங்கிப்போனாள். விடுப்பு நீட்டிப்பு ஆணையைத் தட்டச்சர் அம்மா மளமளவென்று அடித்து முடித்தார். தலைவர் ஈரச் சட்டையோடு கையெழுத்துப் போட்டார்.

"விண்ணப்பதாரரும் கையெழுத்துப் போடணும். இன்னைக்கே போடணும், நாளைக்குன்னா விடுப்பு முடிஞ்சுரும்" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் வராந்தாவுக்கு வந்தோம். என் மனைவி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"நான் போடக் கூடாதா?" என்றேன்.

"கூடாதுங்க."

தலைவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். குரல் தானாகவே தணிந்தது. "தூங்கறவங்கள எழுப்பக் கூடாதுன்னு நம்ம விதியில ஏதாவது இருக்கா, பாருய்யா."

தொழில்நுட்ப அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நிதானமாகக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். "குழந்தைக்கு இருக்குங்கய்யா. தொட்டிலுக்குக்கூட இருக்கு. தாய்க்கு இல்லீங்க."

நானே குனிந்து அவள் தோளைத் தொட்டேன். அவள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். கண் இன்னும் திறக்கவில்லை, இரண்டு கைகளும் முன்னால் நீண்டன.

"குட்டி அழறாளா?"

"இல்லம்மா, தூங்கறா. நீ இதுல ஒரு கையெழுத்துப் போடு."

பேனாவைக் கையில் கொடுத்து இடத்தைக் காட்டினேன். கோணலாகப் போட்டாள். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

தட்டச்சர் அம்மா தாளை வாங்கி உரக்கப் படித்தார்: "விண்ணப்பதாரருக்குப் போதிய உறக்கம் கிடைக்கவில்லை என்பதை வாரியம் மனமுவந்து ஏற்கிறது."

அந்தச் சத்தத்தில் குட்டி விழித்துக்கொண்டாள்.